முதல் படி

செக்காலை ரோட்டில் இரும்புக் கடை.
ஆணி, கீல், தாழ்ப்பாள், முள்கம்பி.
இருபத்தேழு வருஷமாய் அதன் கணக்கு என் கையில்.
ஒரு ரூபாய் இடித்தாலும் எனக்குச் சோறு இறங்காது.
"சோலையப்பன் சிட்டை, சாமி வாக்கு" என்பார்கள் கடைவீதியில்.
கேளாதவன் போலக் கேட்டுக்கொண்டே போவேன்.

வீட்டில் இன்னொரு நோட்டு உண்டு.
தெய்வானைக்குக்கூடக் காட்டியதில்லை.
இடப்பக்கம், நான் செய்தது:
கொப்புடையம்மனுக்கு மாவிளக்கு,
குன்றக்குடிக்கு முடி,
பழனிக்கு நடந்த ஏழு தை,
கொப்புளம் உள்பட.
வலப்பக்கம், அவன் தந்தது:
உமையாளுக்கு நர்சிங் சீட்டு, ஒரு வருஷம் தாமதமாய்.
மழைக்கு ஒழுகாத கூரை.
மற்றபடி வெள்ளைத் தாள்.
வட்டி போடவில்லை. அந்த மட்டில் நான் நல்லவன்.

ஐப்பசியில் தெய்வானை கழுத்தில் ஒரு கட்டி.
மதுரையில் ஊசி குத்தி எடுத்தார்கள்.
"திங்கக்கிழமை ரிப்போர்ட்" என்றது
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்.
"நீ சாப்டியாம்மா?" என்று அவளைக் கேட்டாள் இவள்.

திரும்பும் பஸ்ஸில் நேர்ந்துகொண்டே வந்தேன்.
வெள்ளி வேல், தங்கப் பொட்டு, அங்கப்பிரதட்சணம்,
ஏலச்சீட்டில் தள்ளிக் கேட்கிறவன் மாதிரி
ஏற்றி ஏற்றி.
பிள்ளையார்பட்டி வளைவில் கையிருப்பு தீர்ந்தது.
இவள் என் தோளில் தூங்கிக்கொண்டு வந்தாள்,
வாய் லேசாய்த் திறந்து.

மறுநாள் சனிக்கிழமை.
குழாயில் சம்பை ஊற்றுத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.
புது அரிசி மூட்டையைப் பிரித்து
டிரம்மில் அளந்து போட்டாள் தெய்வானை.
"லாபம்.
ரெண்டு.
மூணு."

ஒன்று என்று சொல்ல மாட்டோம் இங்கே.
கடையில் சாக்கு எண்ணும்போதும் அப்படித்தான்.
ஆயிரம் தடவை என் வாயாலேயே சொன்ன சொல்.
அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

ரெண்டுக்கு முன்னால் லாபம்.
மூட்டையில் கல் கிடக்குமா, எடை குறையுமா,
ஒன்றும் தெரியாமலே
முதல் படிக்கு அந்தப் பேர்.
என் தொழிலில் லாபம் கடைசி வரி,
எல்லாம் கழித்து, மிச்சமிருந்தால் எழுதுவது.
இவள் கணக்கு அங்கே தொடங்குகிறது.

"என்னங்கிறேன், வெளிச்சத்த மறைச்சுக்கிட்டு நிக்காதிய" என்றாள்.
பதினெட்டாம் படியில் எண்ணிக்கை தவறிச் சிரித்தாள்.
போகட்டும் என்று
மீதியை அளக்காமல் கொட்டினாள்.

அன்றிரவு கடையில் நாற்பது ரூபாய் இடித்தது.
இரண்டு முறை கூட்டினேன்.
"நாற்பது குறைவு, திங்கள் கழித்துப் பார்க்க" என்று
பென்சிலில் எழுதி ஷட்டரை இறக்கினேன்.
முதலாளி என் முகத்தைப் பார்த்தார். கேட்கவில்லை.

வீட்டு நோட்டை எடுத்தேன்,
வலப்பக்கம் விட்டுப்போனதை எழுத.
தண்ணீர். தூக்கம். தோளில் அவள் தலையின் கனம்.
மூன்றோடு நிறுத்தினேன்.
எழுதினால் அதுவும் பற்று வரவாகிவிடும்.
இடப்பக்கத்தைப் பார்த்தேன்:
பழனிக்கு நடந்த கால்
யார் போட்ட முதல்?

பயம் போய்விட்டதா என்றால், இல்லை.
தொண்டையில் மீன்முள்ளாய்க் கிடந்தது.
அதற்குப் பக்கத்திலேயே சோறு இறங்கியது,
மோரும் மாவடுவும்.
மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன்.
"போதுமா?"
கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற கேள்வி.
"போதும்" என்றேன்.
சொல்லிவிட்டு, கை காயும்வரை
அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை மதுரை பஸ்.
ஜன்னலோரம் அவளுக்கு.
குன்றக்குடி மலை தெரிந்ததும்
இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.
ஒன்றும் நேர்ந்துகொள்ளவில்லை.
கண்டக்டர் மீதிச் சில்லறை நீட்டினார்.
எண்ணாமல்
பைக்குள் போட்டேன்.