பங்குத்தொகை விவரம், மார்ச்

வண்ணார்பேட்டை மாடியில்
ஏசி நின்றுபோன அறை.
எக்செல் தாளில் முன்னூற்றுப் பதினாறு வரிசை.
துபாயில் பதினோராயிரம் முறை கேட்டிருக்கிறார்கள்,
திசையன்விளையில் நாற்பதாயிரம்,
செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம்.
பெயர் வாயில் நுழையாத ஓர் ஊரில்
ஒரே ஒரு முறை,
அதையும் முப்பது நொடிக்கு முன்னால் நிறுத்திவிட்டதால்
கணக்கில் சேராது.

நான் பாட்டுக் கேட்கிறவள் இல்லை.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
புள்ளிக்கு வலப்பக்கம் இருக்கிற சில்லறை.

கேசட் காலத்து லாபத்தைப் பற்றி
முதலாளி எட்வின் ஞானதுரை வாயைத் திறப்பதில்லை.
"பாட்டு விக்காதும்மா,
பாட்டு ஆள விக்கும்" என்பார்.
ஆளை விற்றால் கொடைக்குப் பதினெட்டாயிரம்,
அதில் கால்வாசி கம்பெனிக்கு.
ஒரு நகைக்கடை
பல்லவியில் பன்னிரண்டு நொடி மட்டும் வாங்கியது,
சரணம் யாருக்கும் வேண்டாமாம்.
வள்ளியூர்ப் பக்கம் சாமக்கொடையை
எவனோ நேரலையில் விட்டான்,
பின்னால் ஒலித்தது நம் பாட்டு.
விளம்பரக் காசு நமக்கு வந்தது.
அம்மனுக்கு ஒன்றும் போகவில்லை.

பேச்சிராஜ் மத்தியானம் வந்தான்,
பேட்டை மார்க்கெட்டில் லோடு இறக்கிய கையோடு,
சட்டையில் வெங்காயச் சருகு.
"எவ்வளவுக்கா?"
"நாலு லட்சத்துப் பன்னீராயிரம் தடவ கேட்டுருக்காவ."
"துட்டு?"
"இருபதாயிரத்து அறுநூறு.
பத்துல ஒண்ணு ஒனக்கு."
மனதுக்குள் வகுத்தான். உதடு அசைந்தது.
"ரெண்டாயிரத்து அறுவது" என்றான்,
எனக்கு முன்னால்.
கையெழுத்துப் போட்டான்.
டீசல் விலையைச் சொன்னான்.
போய்விட்டான், ஹெல்மெட்டை நாற்காலியில் விட்டுவிட்டு.

போன் போட்டேன்.
மணி அடிக்கவில்லை, அவனே பாடினான்.
காலர் டியூன்: மாதம் முப்பத்தாறு ரூபாய்.
அதில் கம்பெனிக்கு ஒன்பது வரும்,
ஒன்பதில் அவனுக்குத் தொண்ணூறு பைசா.
தன் குரலைத் தானே வாடகைக்கு எடுத்து
அதிலும் பங்கு வாங்குகிறான், பாவி.
இதைச் செலவு என்று எழுதுவதா
முதலீடு என்றா?
தாளில் அதற்குக் கட்டமில்லை.

எடுக்கவில்லை. ஆத்துப்பாலத்தில் போய்க்கொண்டிருப்பான்.
நானும் வைக்கவில்லை.
முப்பது நொடி தாண்டியது.
அந்த இடத்தில் ஒரு மூச்சு இழுக்கிறான்,
நாலு லட்சம் தடவையில்
எனக்கு இது முதல் தடவை.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான்,
பின்னால் பஸ் ஹாரன்,
குரலில் அவசரமாக ஒரு பவ்வியம்:
"வணக்கம், யாருங்க,
கொடை புக்கிங்கா?"

"இல்லடே. ஹெல்மெட்டு."