ஐந்தாவது வட்டம்

திங்கள் சாயங்காலமே சுவர்களை மூடிவிட்டோம்.
பெருக்கல் வாய்ப்பாடு, ஐம்பது மாநிலங்கள்,
காற்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் உள்ள சண்டை,
எல்லாவற்றின் மேலும் பழுப்புக் காகிதம்.
“யோசி” என்று ஒரு சுவரொட்டி உண்டு,
பூனைக்குட்டி கன்னத்தில் கைவைத்திருக்கும்.
அதுவும் உதவிதான் என்றார்
தலைமையாசிரியை டார்லீன் ஸ்டக்கி.
யோசியையும் மூடினேன்.

பிறகு கையெழுத்து.
வினாத்தாளை நான் படிக்க மாட்டேன்.
கண்ணில் பட்டாலும் மூச்சுவிட மாட்டேன்.
ஆகவே இதை நான் சொல்லவில்லை,
நீங்கள் கேட்கவுமில்லை.

நெப்ராஸ்காவின் மணல்மேடுகளில் ஒரு சின்னப் பள்ளி.
பென்சில் தேர்வின் கடைசி வருஷம் அது.
என் மூன்றாம் வகுப்பில் பதின்மூன்று பேர்;
வகுத்துப் பார்த்தால்
தலைக்கு ஏழே முக்கால் சதவீதம் தேறும்.
ஜனவரியிலேயே ஒரு பட்டியல் வந்தது.
பச்சை தானாகக் கரையேறும்.
மஞ்சளைக் கைகொடுத்து இழுக்க வேண்டும்;
மதியமெல்லாம் மஞ்சளோடு உட்காரச் சொன்னார்கள்.
சிவப்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.
சொல்லாமல் விடுவதும் உத்தரவுதான் என்று
இருபத்திரண்டு வருஷத்தில் கற்றிருக்கிறேன்.

ராய்ஸ் லாட்கி சிவப்பு.

தேர்வும் கன்று ஈனும் பருவமும்
இங்கே ஒரே வாரத்தில் வரும்.
தலைநகரில் தேதி குறிப்பவர்களிடம் மாடு இல்லை.
முந்தின இரவு பனிப்புயல்.
ராய்ஸ் வந்தபோது கண் சிவந்திருந்தது,
சட்டைக் கையில் சீம்பால் வாசனை.
மூன்று மணியிலிருந்து முழிப்பு என்றான்,
குறையாக அல்ல, மணி சொல்வதுபோல.

நான்காவது கேள்வியில்
இட்ஸெல் பாரியெண்டோஸ் வாந்தியெடுத்தாள்.
மஞ்சளில் முதல் பெயர் அவள்.
வாந்தி பட்ட தாளையும் எறியக்கூடாது,
பையில் போட்டு முத்திரையிட்டு
எண்ணிக்கை குறையாமல் திருப்பி அனுப்ப வேண்டும்.
போட்டேன். முத்திரையிட்டேன்.
அவள் வாயைத் துடைக்க
விதியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

பதினேழாவது கேள்வியில் ராய்ஸ் கையைத் தூக்கினான்.
“டீச்சர், இதில் இல்லை.”
“என்ன இல்லை?”
“பதில்.”
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
கதவருகே நிற்கிறார் ஸ்டக்கி.
எனக்கு அனுமதித்த வாக்கியம் ஒன்றே ஒன்று:
உன்னால் முடிந்ததைச் செய்.
சொன்னேன்.
இன்றுவரை அந்த வாக்கியம் என் வாயில் கசக்கிறது.

குளிர் இரவில் தொழுவத்தில் கன்று பிறக்கிறது.
விவசாயி முதலில் என்ன செய்ய வேண்டும்?
மாட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும், அது ஏ.
பெயர் வைப்பது, விடியக் காத்திருப்பது,
அண்டைவீட்டாருக்குச் சேதி சொல்வது
பி, சி, டி.
எங்களுக்கு மருத்துவர் அறுபது மைல்.
அண்டைவீடு பதினொன்று.

தாள்களை எண்ணி அடுக்கும்போது பட்டுவிட்டது.
டி-க்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு வட்டம்,
அவனே வரைந்தது.
கோடு தாண்டாமல், வெள்ளை தெரியாமல்,
நான் கற்றுக்கொடுத்தபடியே கறுப்பாக்கியிருந்தான்.
ஓரத்தில் கோணல் எழுத்தில்:
குளியல் தொட்டியில் போடு. வெதுவெதுப்பான தண்ணி.
மூக்கு மட்டும் மேலே இருக்கணும்.
அம்மா திட்டமாட்டா.

என் கையில் அழிரப்பர் இருந்தது.
ஏ என்ற வட்டம் காலியாக இருந்தது.
ஸ்டக்கி தொலைபேசியில் இருந்தார்.
எவ்வளவு நேரம் நின்றேனோ,
கட்டை நாடாவால் ஒட்டி வண்டியில் ஏற்றினேன்.
நேர்மை என்று சொல்ல மாட்டேன். பயம்.

முடிவு ஆகஸ்டில் வந்தது.
ஐம்பது வேண்டும், நாற்பத்தாறு எடுத்திருந்தோம்.
ஒரு பிள்ளை குறை.
“முன்னேற்றம் தேவைப்படும் பள்ளி” என்று
மாவட்டப் பத்திரிகை போட்டது,
பக்கத்திலேயே மாட்டுச் சந்தை விலை.
யார் அந்த ஒரு பிள்ளை என்று
ஊர் முழுக்க விரல்விட்டு எண்ணினார்கள்.
நானும் எண்ணினேன்.
இட்ஸெலின் அப்பா
சந்தையில் என்னைப் பார்த்ததும் தொப்பியை இறக்கிக்கொண்டார்.

செப்டம்பரில் சாப்பாட்டு வரிசையில் ராய்ஸ்,
இப்போது நான்காம் வகுப்பு, முன்பல் இரண்டு பெரிசாக.
கேள்வியைப் பற்றிப் பேசக் கூடாது.
கன்றைப் பற்றிப் பேசக் கூடாதென்று
எந்தத் தாளிலும் நான் கையெழுத்திடவில்லை.
கேட்டேன்.

“காது நுனி ரெண்டும் உறைஞ்சு விழுந்திருச்சு,” என்றான்.
“மத்தபடி குண்டாயிருக்கு.”
தட்டை நகர்த்திக்கொண்டு போனான்,
சோளத்துக்கு மட்டும் வேண்டாமென்று தலையாட்டி.