மூன்றாம் அட்டை

ஒஸ்த்ராவாவில் ஜன்னல் விளிம்பைக்
காலையில் துடைத்தால்
மதியம் மறுபடி கரி.
நான் விளாஸ்தா, தட்டச்சுக்காரி.
கல்வி அலுவலகம், இரண்டாம் மாடி,
வெப்பக்குழாயை ஒட்டி என் மேஜை.

தெஸிதெர் குனார். வயது ஆறு.
இரும்பாலையில் தரை கழுவும் தாய்
வேலை உடுப்போடு வந்திருந்தாள்.
வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னோம்.

பரிசோதகர் ஷ்மீத்கா கடிகாரத்தை அமுக்கினார்.
முதல் அட்டை: நாய்க்கு ஒரு கால் இல்லை.
சொல்லிவிட்டான்.
இரண்டாவது: முயலுக்குக் காது.
சொல்லிவிட்டான்.
மூன்றாவது, ஒரு வீடு.
கதவில் கைப்பிடி இல்லை.
என்ன குறை, பார்.
பார்த்தான்.
பார்த்துக்கொண்டே இருந்தான்.
‘குறை ஒண்ணுமில்ல.
எங்க கதவும் இப்படித்தான்.
துணியத் திணிச்சு இழுத்தா தெறக்கும்.’

பூஜ்யம், என்றார்.
அடித்தேன்.

அவர் தேநீருக்குப் போன நேரம்
பையன் என் மேஜையில் காதை வைத்துப் படுத்தான்.
‘அடிங்க.’
அடித்தேன்.
‘இன்னும்.’
பிறகு ஒரு விசையைத் தொட்டுக் காட்டினான்.
தலையில் குறி போட்ட எங்கள் ‘ர்ஷ்’,
எங்கள் பிள்ளைகளின் நாவுக்கே
எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்து சேர்வது.
‘இது மட்டும் மெதுவா வருது,’ என்றான்.
‘ஆனா வருது.’

பதினோரு வருடம் அந்த இயந்திரத்தில் இருந்தவள்
அன்றுதான் கேட்டேன்.

படிவத்தில் காதுக்கும் ஒரு கட்டம் உண்டு:
கேட்கிறது, கேட்கவில்லை.
கேட்கிறது என்று அடித்தேன்.
அதற்குக் கீழே
‘இலேசான மந்தம். சிறப்புப் பள்ளி.’
நான் யோசிக்க வேண்டியதில்லை,
விரலே அடித்துவிடும்.
அந்த வாரத்தில் பதினான்காவது.
பதினான்கில் பன்னிரண்டு
ஆற்றோரக் குடியிருப்பின் முகவரிகள்.

தாய் கையெழுத்துப் போட்டாள்.
‘நல்ல பள்ளிக்கூடமா?’
டிராமில் போகலாம், என்றேன்.
அதில் பொய் இல்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
எனக்கு எழுத்துகள் இடம் மாறும்.
சின்ன வயதிலிருந்தே.
இழுப்பறையில் ஒரு சீட்டு,
அதில் என்னை ஏமாற்றும் சொற்கள்.
வெள்ளை மை மாதத்துக்கு இரண்டு புட்டி,
கைக்காசில் வாங்கியது.
என் முன்னால் யாரும் அட்டை நீட்டவில்லை.
பல்மருத்துவரின் மகள்.
கவனக்குறைவு, என்றார்கள்,
வளர்ந்தால் சரியாகும்.

சரியாகவில்லை.
வளர்ந்தேன்.

கணினி வந்தபோது
அந்த இயந்திரத்தை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.
நேற்று பழைய இரும்புக்காரன் தராசோடு வந்தான்.
ஒரு நிமிஷம், என்றேன்.
தாள்கூட இல்லாமல்
அந்த விசையை மட்டும் அமுக்கிவிட்டு
நின்றேன்.