சும்மா இருக்கிற பதினைந்து

மூலக்கொத்தளம் குடோனிலிருந்து
டிவிஎஸ் வண்டியில், கால் வைக்கிற இடத்தில் வைத்து
அதைக் கொண்டுவந்தான் ஜிலானி.
ஏதோ பேங்கில் ஏழு வருஷம் இருந்த பெட்டி.
“ரெண்டு பிராசஸர்க்கா. ஒண்ணுக்கு எட்டு கோர்.
ஆக மொத்தம் பதினாறு.
ஆட்டம் சும்மா பிச்சிக்கும்.”
பதினெட்டு சொன்னான், பதினாலுக்கு முடித்தேன்,
அதிலும் மூவாயிரம் பாக்கி.

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
கோழிக்கடைக்கு மேல்மாடியில்
ஆறு சீட்டு போட்டு நடத்துகிறேன்.
மணிக்கு முப்பது ரூபாய்.
புதுசுக்கு மட்டும் ஐம்பது என்று
சாக்பீஸால் சுவரில் எழுதினேன்,
பக்கத்தில் ஒரு நட்சத்திரமும்.

முதல் ஐம்பது கிளமென்ட்டுடையது.
நாலாவது நிமிஷம்
பாலத்துக்குப் பின்னாலிருந்து ஒருத்தன் வந்தான்.
கிளமென்ட் மவுஸைத் திருப்பினான்.
படம் திரும்பவில்லை.
திரும்பியபோது செத்திருந்தான்.
“இன்னாக்கா, பழைய பொட்டியிலயே
இதவிட நல்லா சாவேனே?”

கடை சாத்தியபின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன்.
பதினாறு கட்டங்கள்.
ஒன்று மட்டும் விளிம்புவரை நிரம்பி
மூச்சுத் திணறுகிறது.
மற்ற பதினைந்தும் தரையோடு தரையாக,
ஸ்ட்ரைக் நாள் ஹார்பர் மாதிரி.
எப்போதாவது ஒன்று கொட்டாவி விடுகிறது.

ஜிலானியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
“பதினாறு இருக்குதா இல்லியா?”
இருக்கிறது.
அவன் பொய் சொல்லவில்லை.
அதுதான் எரிச்சல்.

இந்தக் கடைக்கு முன் மூன்று வருஷம்
காசிமேட்டில் ஏலக் கணக்கு எழுதியவள் நான்.
விடிகாலை மூன்று மணி, நோட்டெல்லாம் செதில்.
எண்ணூறுக்குப் பிறகுதான் எண்ணூற்றைம்பது.
அதைக் கேட்டபிறகுதான் அடுத்தவன் வாய் திறப்பான்.
பதினாறு பேரை நிறுத்திக் கூவ விட்டால்
ஏலம் சீக்கிரம் முடியாது,
மண்டைதான் உடையும்.
மீன் வெட்டுவது அப்படியில்லை.
ஆளுக்கொரு கத்தி, ஆளுக்கொரு கூடை,
ஒருத்தி ஒருத்தியைக் கேட்கவே வேண்டாம்.
குழாய் ஒன்றுதான் என்பதால்
அங்கே மட்டும் கொஞ்சம் வாய்ச்சண்டை.

பசங்க ஆடுகிற இந்தப் பழைய ஆட்டம்
முழுக்க முழுக்க ஏலம்.
குண்டு சுவரில் பட்டதா என்று தெரிந்தபிறகுதான்
ஆள் செத்தானா என்று தெரியும்.
செத்தது தெரிந்தபிறகுதான்
எந்தப் பக்கம் விழுவான் என்பது.
புது ஆட்டங்களில்
மழைக்கு ஒருத்தர், சத்தத்துக்கு ஒருத்தர்,
தெருவில் நடக்கிற கூட்டத்துக்கு ஒருத்தர் என்று
பிரித்துக் கொடுக்கிறார்களாம்.
அங்கேயும் ஆறேழு பேருக்கு மேல் வேலையில்லை.
கடைசியில் எல்லாரும்
அந்த ஒரு வாய்க்காகக் காத்திருக்க வேண்டும்.

ரெண்டு நாள் பெட்டியை அணைத்தே வைத்திருந்தேன்.
மூன்றாம் நாள் கேட் போட்டுக் கிடந்தது.
கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணிக்கொண்டே
ஸ்கூட்டியில் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது:
பேங்கில் இது ஆடவா செய்தது?
டோக்கன் வாங்கி நின்றவர்களுக்கெல்லாம்
ஏழு வருஷம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.
நாலு போட் வந்தால்
நாலு ஏலம் நடக்கும், இல்லையா.

அதன் மானிட்டரைப் பிடுங்கினேன்.
நீ ஆடாதே, ஆட்டத்தை நடத்து என்று
மூலையில் உட்காரவைத்தேன்.
இப்போது கடையிலும், தண்டையார்பேட்டையிலும்,
எண்ணூரில் யாரோ ஒருவன் வீட்டிலுமாக
ஐந்து மேட்ச் ஒரே நேரத்தில் ஓடுகிறது,
மேட்சுக்கு ஒரு கட்டம்.
டீமுக்கு வாரம் இருநூறு.
ஜிலானிக்கு பாக்கியில் ஆயிரம் கொடுத்துவிட்டேன்.
நட்சத்திரத்தை அழித்தேன்,
அழித்த இடம் இன்னும் வெள்ளையாக நிற்கிறது.
பதினாறில் ஐந்து எழுந்திருக்கிறது.
மற்றவை தூங்கட்டும், கரண்ட் பில் மிச்சம்.

நேற்று கிளமென்ட் முப்பது ரூபாய் சீட்டில்.
அதே பாலம். பின்னால் ஒருத்தன்.
செத்ததும் என் பக்கம் பார்த்தான்.
நான் வாயைத் திறக்கவில்லை.
“படம் திரும்பிச்சுக்கா,” என்றான்.
“நான்தான் திரும்பல.”