பிழை எதோடு போகிறது

ஜூன். மஹ்பூலா. பதினோராம் மாடி.
பழைய ஆம்ப்ளிஃபயரை நானும் ரஃபிகுலும்
ஆளுக்கொரு பக்கம் பிடித்து
லிஃப்ட் வரை சுமந்தோம். இருபத்தொன்பது கிலோ.
அது ஓடினால் ஞானசிகாமணி சார் வீட்டு ஏசி
மூச்சிரைக்கும்.

அது இருந்த தட்டில் இப்போது
ஒரே கூட்டுக்குள் ஏழு பலகைகள்,
ஒவ்வொன்றும் சீட்டுக்கட்டு அளவு. கிளாஸ் டி.
சேனலுக்கு ஒன்று.
ஒன்று செத்தால் நாலு திருகு,
கழற்று, வேறொன்றை மாட்டு.
மற்ற ஆறும் துக்கம் விசாரிக்காது.

உள்ளே நடப்பதைச் சொல்ல எனக்குப் பிடிக்கும்,
கேட்க ஆள் கிடைத்தால்:
பாதி திறந்த குழாய் அங்கே கிடையாது.
திற, மூடு, திற, மூடு,
நொடிக்கு நாலு லட்சம் தடவை.
எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதில்தான்
பாட்டே இருக்கிறது.
கடைசியில் ஒரு சுருளும் கெப்பாசிட்டரும்
படபடப்பை வடித்துவிட்டுக்
குரலை மட்டும் வெளியே விடும்.
பாதியில் நிற்பதுதான் சூடாகும்.
‘என் அகாமா மாதிரி’ என்றான் ரஃபிகுல்,
மூன்று மாதமாகப் புதுப்பிக்காத அட்டையை
நெஞ்சுப் பையில் தட்டி.

மூன்றாம் நாள் போன்.
‘தம்பி, கனெக்‌ஷன மாத்திட்டிய.
எல்லாச் சத்தமும் வலப்பக்கம் இருந்துல்லா வருது.’

போனேன். இடது சுவரில் இரைச்சலை விட்டேன்.
மீட்டர் எழுபத்தைந்து காட்டியது.
வலது சுவரிலும் எழுபத்தைந்து.
அவர் இரண்டு தடவையும்
கடல் தெரியும் ஜன்னலைக் கைகாட்டினார்.

தொழிலில் எனக்குத் தெரிந்த வேதம் ஒன்றுதான்:
இடம் மாற்றிப் பார்.
பிழை பலகையோடு போனால் பலகை.
அங்கேயே நின்றால் கம்பி.
நாலாவதை ஐந்தில் போட்டேன், ஐந்தாவதை நாலில்.
ஜன்னல் என்றார்.
கம்பியை மாற்றினேன். ஜன்னல்.
ஏணி போட்டு ஸ்பீக்கர்களையே கழற்றி
எதிரெதிரே மாட்டினேன். வியர்வை கண்ணில் இறங்கியது.
ஜன்னல்.

டீ கொண்டுவரச் சொல்ல
சுழல் நாற்காலியைப் பின்பக்கம் திருப்பினார்,
இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கையிலேயே.
‘இப்ப அடுக்களைப் பக்கம் கேக்குதே’ என்றார்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

நான் ரிமோட்டைத் தேடுவதுபோல் தேடினேன்.
அது கையில் இருந்தது.

பிழை ஆளோடு போயிருந்தது.

எமெல்டா அக்கா டீயோடு வந்தார்.
சோபாவைச் சுற்றிக்கொண்டு போய்
அவருடைய வலத்தோள் அருகே நின்றார்.
அன்றைக்கு வயர் இழுத்தபோதும்
அங்கேதான் நின்றார்.
நான் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

‘கம்ப்ரசர் ஹால்ல இருபத்திரண்டு வருசம்.
காதுக்குப் பஞ்சு குடுப்பான்.
வச்சா சூப்பர்வைசர் கூப்பிடுறது கேக்காது.’
டீயை ஆற்றினார்.
‘டாக்டர் போன ரமதான்லயே சொல்லிட்டார்.
பெட்டியா இருந்துரக் கூடாதான்னு பாத்தேன்.
பெட்டின்னா மாத்திரலாம்லா.’

இடப்பக்கத்துப் பலகைகளை அணைத்துவிடட்டுமா என்று
எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.
‘ஓடட்டும், அந்தப் பக்கம் அவ உக்காருவா.’

சர்வீஸ் தாளில் ‘கண்டறிந்த பழுது’ என்றொரு கட்டம்.
இல்லை என்று எழுதினேன்.
கையெழுத்து போட்டார்.
வேண்டாம் என்றாலும் விடாமல்
ஐந்து தினாரை மடித்துத் திணித்தார்.

ஃபஹாஹீல் சாலை சிக்னலில் சிவப்பு.
வேனுக்குள் நாற்பத்தேழு டிகிரி.
இடது காதில் விரலை அழுத்தி
அடைத்துக்கொண்டேன், சும்மா.
ரஃபிகுலின் வாய் அசைந்தது.
எங்கோ ஒரு ஹாரன்,
நீளமாக, கோபமாக.
கண்ணாடியைப் பார்த்தேன், மறு கண்ணாடியையும்.
எந்தப் பக்கம் வழிவிட என்று
தெரியவில்லை.