முக்கால் அடி

பள்ளிகளுக்கு விடுமுறை என்று
ஐந்தரை மணிக்குச் செல்போனில் செய்தி.
கொல்லைக்கு யாரும் விடுமுறை விடுவதில்லை.

கொரடாச்சேரியில் நான்காவது நாளாகச் சாய்ந்து பெய்கிறது.
கிணற்றுக்குக் கயிறு வேண்டாம்,
குனிந்தால் செம்பிலேயே மொள்ளலாம்.
உள்ளே ஒரு தவளை
வாடகை பாக்கியில்லாதவன்போல
என்னை ஏறிட்டுப் பார்க்கிறது.

முருங்கையை மழைக்கு முன்பே கழித்திருக்க வேண்டும்.
நாளைக்கு நாளைக்கு என்று ஐப்பசி வந்துவிட்டது.
இப்போது தண்டெல்லாம் கம்பளிப்பூச்சி,
கிழிந்த சால்வையைச் சுற்றிவிட்டதுபோல.
பந்தம் கொளுத்தினால் தூறல் அணைக்கிறது.
சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினேன்.
பாதி தரையில் விழுந்தது,
மீதி என் தோளில்.
"அந்தச் சட்டையோட உள்ள வந்துடாதீங்க"
தையல்நாயகி சன்னலைச் சாத்திக்கொண்டாள்.

சரி, பாசி.
சிமெண்டுத் தளத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவி
ஊறவிட்டுத் தேய்த்தேன்.
புதுத் துடைப்பம் இதற்கு உதவாது.
தேய்ந்து தேய்ந்து
முழங்கை நீளத்துக்கு வந்த கட்டைதான் பாசியைப் பெயர்க்கும்.
பெயர்த்த இடத்தில் தண்ணீர் வந்து நின்றது.
முதலில் விரல், பிறகு கணுக்கால்.
தேங்காய் மட்டை, ஷாம்பூ உறை,
என் இடது செருப்பு
எல்லாம் மெல்ல வலம் வந்தன.

தண்ணீர் போகிற வழி எனக்குத் தெரியும்.
பழைய வழி அது,
வைரக்கண்ணுவின் மாட்டுக்கொட்டகையை ஒட்டி வாய்க்காலுக்கு.
போன வைகாசியில் சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தார்.
முக்கால் அடி எனக்கு என்று சொன்னார்.
அந்த முக்கால் அடிக்கு
நாற்பதாயிரம் செலவழித்துச் சுவர் வைத்தேன்.
அன்றிலிருந்து
அவர் வீட்டு ரேடியோ என்னோடு பேசும்,
அவர் பேசமாட்டார்.

மூன்று மணி இருக்கும்.
சுவருக்கு அந்தப் பக்கம் ணங் என்றது.
பிறகு இன்னொரு ணங்.
கடப்பாரை.
கத்த வாயெடுத்தேன்.
சுவரில் கைவைத்துப் பார்த்தேன்,
ஊறிய ரொட்டிபோல இருந்தது.
இன்னும் ஒரு ராத்திரி நின்றால்
அவர் மாட்டின்மேல்தான் சாயும்.
மம்மட்டியை எடுத்துக்கொண்டு போய்
இந்தப் பக்கம் மண்ணை வாங்கினேன்.
அவர் இடிக்க, நான் வார,
நடுவில் ஒரு கல் அசைந்தது,
உருவிக்கொண்டு போனது.

தண்ணீர் போன சத்தம் இருக்கிறதே,
ஊரில் யாரோ பெரிய ஆள் தொண்டையைக் கனைத்த மாதிரி.
துளையின் வழியே
சேறு படிந்த அவர் பாதங்கள் இரண்டும் தெரிந்தன.
என் பாதங்களையும் அவர் பார்த்திருப்பார்.
செருப்பு போய்விட்டது.
வெண்ணாற்றைத் தாண்டியிருக்கும் இந்நேரம்.
கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு
அவர் சம்பா வயலுக்கு நடந்தார்.
அங்கேயும் வடிக்க வேண்டும்,
அங்கே சுவர் இல்லை.

கார்த்திகைக்குப் பின் மழையில்லை என்பார்கள்.
நம்பித் தார்ப்பாயை மடித்த அன்று
இன்னும் ஒரு பாட்டம் அடித்துவிட்டு ஓய்ந்தது.
பிறகு வெயில்,
கடன் திருப்புகிறவனின் முகத்தோடு.
போர்வைகளை, பூஞ்சை பூத்த என் பெல்ட்டை,
ரேஷன் அட்டையைக்கூடக் கொடியில் போட்டோம்.
விறகைப் பிரித்து அடுக்கினேன்,
அடியில் நத்தைகள், ஒரு நண்டு,
யாருடையதோ ஒரு கொலுசுத் திருகாணி.

இன்று காலை முதல் பனி.
வேலிக் கம்பியில் சிலந்திகள்
சல்லடை காயப் போட்டிருந்தன.
அவரைக்கு இது போதும்,
பந்தலில் ஊதாப்பூ திரள ஆரம்பித்துவிட்டது.

சுவர்த் துளையை அடைக்கக் கொத்தனாரைக் கூப்பிடவில்லை.
அதன் வழியே அவர் வீட்டுக் கோழி
வருகிறது, போகிறது.

முருங்கையையாவது இன்று கழிக்கலாமென்று
அரிவாளோடு போனேன்.
அந்தப் பக்கம் நீண்டிருந்த கிளையை மட்டும்
ஏற்கெனவே யாரோ வெட்டியிருந்தார்கள்,
ஒரே வெட்டு, பிசிறில்லாமல்.
வெட்டுவாயில்
பனி இறங்கி அழுகிவிடாதபடி
சாணி அப்பியிருந்தது.

எங்கள் வீட்டில் மாடு இல்லை.