சுயவிலாசமிட்ட உறை

எனக்கு வரும் கடிதங்களில் பாதி
என் கையெழுத்திலேயே வரும்.
முகவரியை நானே எழுதி
தபால்தலையை நானே ஒட்டி
இன்னொரு உறைக்குள் மடித்து வைத்து
போய்விட்டு வா என்று அனுப்பியவை.

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி கல்லாகிக் கிடக்கிறது.
ஜல்லிக் குவாரியில் லாரிகளை எடைபோடும் வேலை எனக்கு.
இந்தக் குளிரில் லாரி வராது.
எடைமேடையை ஒட்டிய அறையில்
ஹீட்டர் முனக முனக
பந்து எறிந்தவர்களுக்கும் அடித்தவர்களுக்கும்
பிடிக்காமல் நழுவ விட்டவர்களுக்கும்
எழுதிக்கொண்டிருப்பேன்.

பேர்பெற்றவர்கள் வேண்டாம்.
அவர்கள் கையெழுத்தை இயந்திரம் போடுகிறது.
ஒரு கோடையில் சில நாள் பெரிய அணியில் இருந்துவிட்டு
கைப்பையோடு பஸ் ஏறியவர்கள்,
அவர்கள்தான் பதில் போடுவார்கள்.
ஒருவர் கார்டோடு தக்காளி விதை அனுப்பினார்.
ஒருவர்
"முழங்காலை விசாரித்ததற்கு நன்றி,
வலது அல்ல, இடது" என்று திருத்தினார்.
ஓர் உறை ஒன்பது வருஷம் கழித்து வந்தது,
தபால் கட்டணம் ஏறிய அளவுக்கு
அவரே மேலும் மூன்று தலைகள் ஒட்டி.
யார் இந்தப் பைத்தியம், உன் கையெழுத்தில் உனக்கே எழுதுவது
என்று தபால்காரி இர்மா கேட்டதை
இன்னும் நிறுத்தவில்லை.

ஆர்லிஸ் டக்வெல்.
அர்க்கன்சாஸ் பக்கம் ஏதோ சிற்றூர்.
பதினோரு நாள், நாலு இன்னிங்ஸ்.
கார்டின் முன்பக்கம் தலைக்குப் பெரிய தொப்பி.
பின்பக்கம்:
அடிப்பது: இடது. எறிவது: இடது.

அவருக்கு மூன்று முறை அனுப்பினேன்.
மூன்றும் கையெழுத்தோடு வந்தன.
வேலை இல்லாத ஒரு மதியம் வரிசையாக வைத்துப் பார்த்தேன்.
முதல் கார்டில் மை இழுவியிருந்தது.
இடதுகைக்காரர்கள் எழுதிய எழுத்தின் மேலேயே
உள்ளங்கையை இழுத்துப் போவார்கள், தெரியுமே.
மற்ற இரண்டில்
அதே சாய்வு, அதே கொக்கி போட்ட டி.
இழுவல் இல்லை.
சுத்தம்.

குற்றம் சாட்டவில்லை.
"உங்கள் கை நலமா" என்று மட்டும் எழுதினேன்.

தீவனக் கடை ரசீதின் பின்னால் பதில் வந்தது.
"ஆறு வருஷமாக அவருக்கு இடப்பக்கம் வராது.
கார்டு வந்தால் வெகுநேரம் பார்ப்பார்,
பிறகு என் பக்கம் நகர்த்துவார்.
கரண்ட் பில்களின் முதுகில் எழுதிப் பழகினேன்.
வங்கியே நம்புகிறது.
நீங்கள்தான் முதலில் கண்டுபிடித்தது.
விருப்பமிருந்தால் திருப்பி அனுப்புங்கள்,
தபால் செலவு தருகிறேன்.
நெட்டி."

திருப்பி அனுப்பவில்லை.
ஒரு வெற்று அட்டையை வைத்து
உங்கள் கையெழுத்து வேண்டும், உங்களுடையது
என்று எழுதி
வழக்கமான உறையை மடித்து வைத்தேன்.

ஏழு வாரம்.
ஏரியில் முதல் விரிசல் விழுந்த சத்தம்
குவாரி வரை கேட்ட அன்று
என் கையெழுத்து திரும்பி வந்தது.

அட்டையில் நெட்டி என்று ஒரு தரம்,
அவர் சாய்விலேயே சரிந்து.
அடித்துவிட்டிருந்தாள்.
கீழே இரண்டாவது தரம்.
அதுவும் அடிபட்டிருந்தது.
அதற்கும் கீழே, நிமிர்ந்து,
பள்ளிக்கூடப் பெண் எழுதுவதுபோல் சின்னதாக:
நெட்டி மே டக்வெல்.

புரட்டினேன்.
"எறிவது: வலது. எப்போதாவது. தட்டுகள்."

ஆல்பத்தில் டி வரிசையில்
அவருக்கு அடுத்த பையைத் திறந்தேன்.
வெளியே ஹாரன்.
வருஷத்தின் முதல் லாரி
எடைமேடையில் ஏறி நிற்கிறது,
முள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.